திட்டம்மா எழுதாமல் விட்டது

அலுவலகத்தில் அவளைத் 'திட்டம்மா' என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டில் குழந்தைகளுக்கு ஆபத்து என்று தகவல் வந்தால், அந்தக் குடும்பத்தை உட்கார வைத்துப் பேசி, பாதுகாப்புத் திட்டம் எழுதுவது அவள் வேலை. திட்டம் போடுவதால் வந்த பெயரா, திட்டுவதால் வந்த பெயரா என்று புதிதாகச் சேருகிறவர்கள் கேட்பார்கள். "ரெண்டுக்கும்தான்" என்று அவளே சொல்லிச் சிரிப்பாள்.

மற்றவர்கள் 'குழந்தையைக் கவனமாகப் பார்த்துக்கொள்ள வேண்டும்' என்று ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். அவள் நான்கு கட்டம் போடுவாள். யார், எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு, அவர் இல்லாவிட்டால் யார். அந்த நாலாவது கட்டம் அவளுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

அவளுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும்போது அந்தக் குடும்பம் அவளிடம் வந்தது. மூன்று வயதுக் குழந்தை ஒன்று செருப்பில்லாமல் நடுரோட்டில் நின்றிருந்தது. பஸ் டிரைவர் பிரேக்கை அழுத்தி நிறுத்தி, இறங்கிப்போய்த் தூக்கிக்கொண்டார். விசாரித்தால், குழந்தையின் அம்மா மூன்றாம் மாடியில் அடித்துப் போட்டாற்போல் தூங்கிக்கொண்டிருந்தாள். கணவன் விட்டுப் போய் ஒரு வருஷம். மனம் உடைந்து, டாக்டரிடம் போய், மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்தாள். ஒன்பது வயது மூத்தவள் அப்போது பள்ளிக்கூடத்தில்.

திட்டம்மா அந்த வீட்டுக்குப் போனாள். இரண்டே அறை. கட்டிலில் துவைத்த துணி மடிக்காமல் மலைபோல் கிடந்தது. அதை ஒதுக்கிவிட்டுத்தான் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அம்மாவின் அக்காவும் அவள் கணவரும் வந்திருந்தார்கள்.

"மாத்திரை போட்டா கண்ணு தானா சொருகுது மேடம். எந்திரிக்கவே முடியல" என்றாள் அம்மா, தரையைப் பார்த்தபடி.

"என் தங்கச்சி புள்ளைங்க எனக்கும் புள்ளைங்கதானே?" என்றாள் பெரியம்மா. "காலையில சின்னவள எங்க வீட்ல விட்டுடட்டும். பெரியவ ஸ்கூல் விட்டதும் நேரா அங்கயே வந்துடட்டும். நான் வீட்லதான் தையல் மிஷின் போட்டிருக்கேன். தச்சதைக் குடுக்க சாயங்காலம் ரெண்டு மணி நேரம் வெளிய போவேன். அப்ப இவர் இருக்கார். முதுகு வலின்னு லீவு போட்டிருக்கார்."

பெரியப்பா தலையாட்டினார். லாரி ஓட்டுகிறவர். சத்தம் போட்டுப் பேசாத மனுஷன் என்று பார்த்ததுமே தோன்றியது. திட்டம்மா நாலாவது கட்டத்தில் அவரை எழுதினாள். எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள். அலைச்சலில்லாமல் ஒரே அமர்வில் முடிந்த திட்டம்.

வாசலில் அவள் செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தபோது, மூத்தவள் பின்னாலேயே வந்தாள். நிலைக்கதவில் பெயிண்ட் உரிந்த இடத்தை நகத்தால் சுரண்டிக்கொண்டே கேட்டாள்.

"ஆன்ட்டி, பெரியம்மா வெளிய போயிட்டா பெரியப்பா மட்டும்தான் இருப்பாரா?"

"ஆமாம்மா. அவரும் உங்களைப் பார்த்துக்குவார்."

"சரி ஆன்ட்டி."

நான்கு மணிக்கு இன்னொரு வீட்டில் கூட்டம். திட்டம்மா படியிறங்கிவிட்டாள்.

ஏழு வாரம் கழித்து மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. சின்னவளுக்கு முழங்கை உடைந்திருந்தது. பெரியப்பா படுத்திருந்த நேரத்தில் குழந்தை அழுதிருக்கிறாள். அவர் எழுந்துவந்து கையைத் திருகியிருக்கிறார். மூத்தவள் டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். போன வருஷ லீவுக்கு அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது தன்னை அவர் பாத்ரூமில் வைத்துப் பூட்டியதையும் சொன்னாள்.

அவர் மேல் வழக்குப் பதிவானது. அக்கா தங்கை பேச்சுவார்த்தை அன்றோடு நின்றது. பிள்ளைகள் இருவரையும் ஒன்றரை வருஷம் வெவ்வேறு காப்பகத்தில் வைக்க வேண்டியதாயிற்று. அழைத்துப்போகும் வண்டி கீழே நின்றபோது அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நீங்க எழுதினதத்தானே மேடம் நான் செஞ்சேன்?"



அலுவலக விசாரணை ஒரு மணி நேரம்கூட நடக்கவில்லை. "எல்லாம் முறைப்படிதான் இருக்கு" என்றார் மேலதிகாரி. "அந்த ஆளைப் பத்தி யாராவது முன்னாடியே ஏதாவது சொன்னாங்களா?"

"இல்ல சார்" என்றாள் அவள்.

அந்தப் பதில் அவளைக் காப்பாற்றியது. அதன்பிறகு எந்த வீட்டுக்குப் போனாலும், பெரியவர்களிடம் வாய் திறப்பதற்கு முன்னால் பிள்ளைகளோடு தனியாக உட்காருவாள். மாடிப்படியில், பள்ளி மைதானத்தில், எங்கே இடம் கிடைக்கிறதோ அங்கே. அவர்கள் சொல்லச் சொல்ல அப்படியே எழுதிக்கொள்வாள். எத்தனையோ பிள்ளைகள் தப்பித்தார்கள். 'உங்களுக்கு மட்டும் எப்படி மேடம் புள்ளைங்க வாயத் திறக்குதுங்க?' என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்கும்போது மட்டும் பேச்சை மாற்றிவிடுவாள்.

பதினாலு வருஷம் போயிற்று. காப்பகத்தில் இருந்தவர்கள் வளர்ந்தபின் தங்கள் கோப்பை வாங்கிப் படிக்கலாம். பக்கத்தில் ஓர் அலுவலர் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு நாள் மூத்தவள் வந்து நின்றாள். கண்ணாடிக் கடையில் வேலையாம், அந்தக் கடைச் சீருடையோடே வந்திருந்தாள். இன்னொருவரை அனுப்பியிருக்கலாம். திட்டம்மா தானே போய் எதிரில் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண் முழுக் கோப்பையும் படித்தாள். மறுபடி முதலிலிருந்து புரட்டினாள்.

"என்னம்மா தேடறீங்க?"

"நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன் மேடம். வாசல்ல, நீங்க செருப்பு மாட்டும்போது. அது இதுல எங்கயுமே இல்லையே." அவள் குரல் இறங்கியது. "நானா கற்பனை பண்ணிக்கிட்டேனா? தங்கச்சிக்கு இப்பவும் கை முழுசா நீட்ட வராது. ஏன்க்கா நீ யார்கிட்டயும் சொல்லலன்னு சண்டை வரும்போதெல்லாம் கேப்பா. சொன்னேன்னு சொல்ல என்கிட்ட எதுவும் இல்ல."

திட்டம்மா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேட்டேம்மா. என் காதுல விழுந்துச்சு. என்னன்னு நின்னு கேக்காம போயிட்டேன். அப்பறம் விசாரணையில, யாரும் எதுவும் சொல்லலன்னு சொல்லிட்டேன். பயந்துட்டேன்."

அந்தப் பெண் பரவாயில்லை என்று சொல்லவில்லை. திட்டவும் இல்லை. கோப்பை மூடி அவள் பக்கம் தள்ளிவிட்டு, "இதை எழுதிக் குடுங்க" என்றாள். "தங்கச்சிகிட்ட காட்டணும்."

திட்டம்மா ஒரு பக்கம் எழுதிக் கையெழுத்திட்டாள். ஒரு நகலைக் கோப்பில் சேர்த்தாள். இன்னொன்றை எடுத்துக்கொண்டு தானே மேலதிகாரியின் அறைக்குப் போனாள். "யாரும் கேக்காதப்போ எதுக்கும்மா இதைக் கிளறணும்?" என்று புதிய அதிகாரி தலையில் கை வைத்துக்கொண்டார். ஓய்வுபெறும்வரை அவளைக் குடும்பங்களிடம் அனுப்பவில்லை. பதிவறையில் உட்கார வைத்தார்கள். கீழ்த்தளம், ஒரே ஒரு ஜன்னல், பேச ஆளில்லை.

எழுதிக் கொடுத்த ஒரு மாதத்தில் மூத்தவளிடமிருந்து போன் வந்தது.

"காட்டினேன் மேடம். ரெண்டு தடவை படிச்சா. அப்பறம் எழுந்துபோய் எனக்கு டீ போட்டுக் கொண்டுவந்து குடுத்தா. இதுவரைக்கும் அப்படி ஒரு நாளும் செஞ்சதில்ல."

"அம்மா எப்படி இருக்காங்க?"

"இருக்காங்க. அவங்ககிட்ட இன்னும் காட்டல. காட்டுவேனான்னு தெரியல."

சின்னவள் தன்னைப் பற்றி ஏதாவது சொன்னாளா என்று கேட்கத் திட்டம்மாவுக்கு வாய்வரை வந்தது. கேட்கவில்லை. அந்தப் பக்கம் கடைக்கு யாரோ வந்திருக்க வேண்டும். "வெச்சுடறேன் மேடம்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.