கண்ணாடிக்குள் நின்ற முகூர்த்தப் புடவை

சேலம் கடைவீதியில், ஒரு போட்டோக் கடையின் கண்ணாடிக்குள் என்னை நானே பார்த்தபோது எனக்குப் பதினாறு வயது. அதற்கு முன் என் முகத்தை முழுசாகப் பார்த்ததே கிடையாது. ராசிபுரத்தில் எங்கள் வீட்டில் இருந்தது உள்ளங்கை அகலக் கண்ணாடி ஒன்றுதான். பொட்டு வைத்தால் நெற்றி தெரியும், மூக்குத்தி திருகினால் மூக்கு தெரியும். இரண்டையும் சேர்த்து ஒரு முகமாக்கிக்கொள்வது என் சாமர்த்தியம்.

அன்றைக்கு அண்ணியின் தாய் வீட்டுக்கென்று அவளும் நானும் பஸ்ஸில் சேலம் வந்து, கடைவீதி வழியாக அந்த வீடு இருந்த குகைப் பகுதிக்கு நடந்துகொண்டிருந்தோம். நல்ல பகல் வெயில். போட்டோக் கடை வாசலில் நாலைந்து பேர் நின்று எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். சும்மா போகிற பிறவியா நான்? எட்டிப் பார்த்தேன். முழங்கை நீளப் படம். பட்டுப் புடவையில் ஒரு பெண் தலையை லேசாகத் தூக்கிச் சிரித்தபடி நின்றாள்.

முதலில் எனக்கு அடையாளம் தெரிந்தது புடவைதான். கரையில் ஜோடி அன்னம், ஒவ்வொரு ஜோடிக்கும் நடுவில் ஒரு மாங்காய். "அட, நம்ம தறியில அறுத்தது!" என்றேன். பிறகுதான் அந்தப் புடவைக்கு மேலே இருந்த முகத்துக்கு என் கண் ஏறியது. நெசவுக்காரன் வீட்டுப் பெண் வேறெப்படிப் பார்ப்பாள்?

பொய் சொல்ல மாட்டேன். முதலில் வந்தது சந்தோஷம். குதிக்கலாம் போல இருந்தது. இவ்வளவு நன்றாகவா இருக்கிறேன்? எங்கள் தெருவில் ஒருத்தர்கூட இதைச் சொல்லவில்லையே! அண்ணி என் தோளைப் பிடித்து உலுக்கினாள். "சிரிக்கறயா நீ? நாலு கடை தள்ளி யாரு கடைன்னு தெரியுமில்ல?" என்றாள். தெரியும். சிரிப்பு அப்படியே நின்றது.

நாலு கடை தள்ளி இருந்தது எங்கள் முதலாளியின் பட்டுக் கடை. அப்பாவுக்குப் பாவு நூலும் சரிகையும் கொடுத்து நெய்து வாங்குகிறவர். அந்த அன்னக்கரைப் புடவையை அவர் விற்பனைக்குக் கேட்கவில்லை, தன் மகளின் முகூர்த்தத்துக்குக் கேட்டார். கல்யாணத்துக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. எங்கள் பக்கத்தில் முகூர்த்தப் புடவைக்கு ஒரு சட்டம் உண்டு. நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்த கணத்திலிருந்து கல்யாணப் பெண் கட்டுகிறவரை வேறொரு உடம்பில் அது ஏறக் கூடாது. அளவு பார்க்கக்கூட யாரும் தோளில் போட்டுக்கொள்ள மாட்டார்கள். நெய்கிற வீட்டில் வயசுப் பெண் இருக்கிறாள் என்று தெரிந்தும் முதலாளிகள் நம்பிக் கொடுப்பது, நெய்கிறவனின் சொல்லை நம்பித்தான். அப்பாவின் சொல்லுக்கு ராசிபுரத்தில் நல்ல மதிப்பு இருந்தது. அதை நான் உடுத்திக்கொண்டு தெருவுக்குப் போய்விட்டேன்.

நடந்தது இதுதான். மாரியம்மன் நோம்பி அன்று தறி ஓடாது. வீட்டில் எல்லோரும் பொங்கல் வைக்கக் கோயிலுக்குப் போய்விட்டார்கள். அண்ணியும் நானும் மட்டும் பின்னால் வருவதாகச் சொல்லி நின்றுவிட்டோம். முந்தின நாள் அறுத்த புடவை பரண் பெட்டியில் மடித்து இருந்தது. பிறந்ததிலிருந்து தறிக்குப் பட்டு நூலைத் தாராகச் சுற்றியிருக்கிறேன், பட்டை ஒரு தடவை கட்டியதில்லை. "ஒரே ஒரு சுத்து, கட்டிப் பாத்துட்டு அவுத்துருவேன்" என்று அண்ணியைக் கெஞ்சினேன். அவளே கொசுவம் வைத்துவிட்டாள். அந்த நேரம் பார்த்து மேளம் தெருமுனைக்கு வந்தது. என் கால்கள் என்னைக் கேட்கவில்லை. ஓடினேன்.

முனையில் சாமி நின்றது, கூட்டம் நின்றது. எல்லோர் கண்ணும் சாமி மேல். எதிர்ப்புறம் மூன்று கால் பெட்டி ஒன்றை நிறுத்தி, கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒருவர். "ஆடாதீங்க! அசையாதீங்க!" என்று அவர் கத்தினார். சாமியைப் படம் பிடிக்கிறார், குறுக்கே ஆடி அவர் காரியத்தைக் கெடுக்கக் கூடாது என்று நானும் நல்ல பிள்ளையாக மூச்சை அடக்கி நின்றேன். பிறகு வீட்டுக்கு ஓடி வந்து, புடவையை அதன் பழைய மடிப்பிலேயே மடித்து வைத்தேன். மறுநாள் முதலாளியின் ஆள் வந்து வாங்கிப் போனான். விஷயம் முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

சேலம் கடைவீதியில் அது முடியாமல் நின்றுகொண்டிருந்தது. முதலாளி தினமும் மதியச் சாப்பாட்டுக்கு அந்த வழியாகத்தான் வீட்டுக்கு நடப்பார். படத்தில் அரக்கு நிறம் கறுப்பாகத் தெரிந்தால் என்ன? கரை பொய் சொல்லுமா? அவர் கண்ணுக்கும் முகம் தெரியாது, புடவைதான் தெரியும்.

கடைக்குள் பாய்ந்தேன். அண்ணி என் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு வந்தாள். போட்டோக்காரர் முப்பது வயசு ஆள், கோட்டு போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"வாங்க அம்மிணி! நீங்களேதானுங்களா?"

"நானேதானுங்க. அந்தப் படத்தை மொதல்ல இறக்குங்க."

"ஏனுங்க? நல்லா வந்திருக்குதே!"

"நல்லா வந்தா? யாரைக் கேட்டுங்க எடுத்தீங்க?"

"தெருவுல நின்னீங்க, எடுத்தேன். தெரு எல்லாத்துக்கும் பொதுதானுங்களே."

"தெரு பொதுங்க. என் மூஞ்சி பொதுவா?"

அவருக்கும் கோபம் வந்தது. "ஆடாதீங்கன்னு சொன்னப்ப ஆடாம அசையாம நின்னது யாருங்க? அம்புட்டுக் கூட்டத்துல ஆடாம நின்னது நீங்க ஒருத்தர்தான். மத்தவங்கெல்லாம் கலங்கிப் போய்ட்டாங்க!"

"சாமியை எடுக்கறீங்கன்னு நின்னேன்! சாமி எங்கீங்க படத்துல?"

"சாமி ஆடிருச்சுங்க" என்றார் பரிதாபமாக. தூக்கினவர்கள் தோள் மாற்றினார்களாம்.

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். "அந்தத் தெருவுல எல்லாரும் என்னைப் பாத்திருப்பாங்க, பாத்துட்டுப் போயிருப்பாங்க. பாத்துட்டுப் போறது வேற, புடிச்சுக்கிட்டு வந்து கண்ணாடியில மாட்டி வெக்கறது வேறங்க. உங்க ஊட்டுப் பொம்பளையை இப்படி மாட்டுவீங்களா?" என்று கேட்டேன்.

சட்டம் பேசியதில் எனக்குத் தலைகால் புரியவில்லை. குரல் ஏறிக்கொண்டே போனது. அப்புறம்தான் என் புத்திசாலித்தனத்தைப் பார்த்தேன். நான் கத்தக் கத்த வாசலில் கூட்டம் சேர்ந்துவிட்டது. நாலைந்து பேர் பார்த்த படத்தை இப்போது முப்பது பேர் பார்த்தார்கள். படத்தைப் பார்ப்பது, என்னைப் பார்ப்பது, பக்கத்தில் இருப்பவனை இடிப்பது. "இதுதான் அதுடா!" சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அதை நான் அன்று ஓசியிலேயே செய்துகொண்டேன்.

அண்ணி என் காதில் "முதலாளி" என்றாள்.

கூட்டத்துக்குப் பின்னால் அவருடைய தலைப்பாகை தெரிந்தது. சத்தம் கேட்டு வந்திருக்கிறார். நான் வெளியே பாய்ந்து, கண்ணாடிக்கு முதுகைக் கொடுத்து, படத்தை மறைத்தபடி முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து நின்றேன். ஆடவில்லை, அசையவில்லை. அந்த வித்தையில்தான் எனக்கு நல்ல பழக்கம் இருந்ததே!

"என்னப்பா இங்க கூட்டம்?" என்று முதலாளி போட்டோக்காரரைக் கேட்டார். என்னை அவர் கண் ஒரு தடவை தொட்டுப் போனது. நூல் புடவை கட்டிய எவளோ ஒருத்தி.

போட்டோக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்னை வாயாடி என்று திட்டி, நகரச் சொல்லி, தன் படத்தைப் பெருமையாகக் காட்டியிருக்கலாம். "ஒண்ணுமில்லீங்க. படம் எடுக்க வந்தவங்க, வெக்கப்பட்டுக்கிட்டு நிக்கறாங்க" என்றார். கூட்டம் சிரித்தது. முதலாளியும் சிரித்துவிட்டுச் சாப்பாட்டுக்குப் போனார். அந்தப் போட்டோக்கார மனுஷனை அரை நாழிகையாக வாய்க்கு வந்தபடி பேசியிருக்கிறேனே என்று எனக்கு வெட்கமாகிவிட்டது.

உள்ளே உட்கார்ந்து உண்மையைச் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். எழுந்து போய்ப் படத்தைக் கழற்றினார். பிறகு அலமாரியிலிருந்து ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து வந்தார். "இது இருக்கற வரைக்கும் இன்னும் எத்தனை படம் வேணும்னாலும் போடலாம். உங்களுக்குத் தெரியாது, சொல்லாம விட்டா அது தப்புங்க" என்றார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். கறுப்பு முகம், வெள்ளைத் தலைமயிர், பேய் மாதிரி நான். அதைக் கடைப் பின்கட்டில் கல்லில் போட்டு உடைத்தேன். உடைத்தபோது அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மிச்சம் இருந்தது அந்த ஒரு படம். கிழிக்கக் கை வரவில்லை. ஆசை யாரை விட்டது? கத்தரிக்கோல் கேட்டு வாங்கினேன். கழுத்தோடு வெட்டி முகத்தை மட்டும் எடுத்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டேன். புடவைப் பகுதியை அண்ணியின் தாய் வீட்டு அடுப்பில் போட்டேன். ஜோடி அன்னமெல்லாம் சுருண்டு சாம்பலானது. எனக்கு ஒரே கொண்டாட்டம். பஸ்ஸில் ஊர் திரும்பும்போது அண்ணியும் நானும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அந்த முகத்தை நான் சும்மா வைத்திருக்கக் கூடாதா? நாளைக்கு ஐந்து தடவை எடுத்துப் பார்த்தேன். மூன்றாம் நாள் தார் சுற்றுகிற இடத்திலேயே பார்த்துக்கொண்டிருந்தபோது, தறிக்குழியிலிருந்து அப்பா கையை நீட்டினார். கொடுத்தேன். முகம்தானே, முகத்தில் என்ன இருக்கிறது, பொருட்காட்சியில் எடுத்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அப்பா முகத்தைப் பார்க்கவில்லை. படத்தை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். கழுத்தோடு வெட்டினேன் என்றேனே, இடது தோள் பக்கம் ஒரு நக அகலம் கரை நின்றுபோயிருந்தது. ஒரு அன்னத்தின் அலகு, அவ்வளவுதான். அதை அவர் ரொம்ப நேரம் பார்த்தார்.

"எப்போ கட்டுன?" என்றார்.

சொன்னேன். கடைவீதிப் படத்தையும் சொன்னேன். அடிப்பார் என்று காத்திருந்தேன். சட்டையை மாட்டிக்கொண்டு, "கெளம்பு" என்றார்.

அந்த மத்தியானமே முதலாளி கடையில் நின்றோம். அப்பா நடந்ததை நடந்தபடி சொன்னார். முதலாளி கோபத்தைவிட ஆச்சரியத்தோடு கேட்டார்: "படம் இல்லை, தகடு இல்லை. இந்தக் கடைவீதியில ஒருத்தனுக்கும் தெரியாது. நீ ஏன்யா வந்து சொல்றே?"

"நான் பாத்துட்டேனுங்களே" என்றார் அப்பா.

முதலாளி புடவையைத் திருப்பித் தரவில்லை. மகளுக்குக் கடையிலிருந்து வேறொன்று எடுத்துக்கொள்வதாகவும், இதை மதுரைச் சரக்கோடு அனுப்பிவிடுவதாகவும் சொன்னார். சாதாரணப் புடவைகளுக்குப் பாவு வழக்கம்போல வரும், முகூர்த்தப் புடவை மட்டும் இனி எங்கள் தறிக்கு வராது என்றார். அப்பா தலையாட்டினார். முகூர்த்தப் புடவை நெய்கிறவர் என்றுதான் அவரை ஊரில் சொல்வார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ராசிபுரம் பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். வழியில் மல்லூர் தாண்டியதும் என் பக்கம் திரும்பாமலேயே கேட்டார்.

"அம்மிணி, அந்தப் பெரிய படத்துல புடவை முந்தி எப்படி உழுந்திருந்துச்சு?"

எனக்குப் புரியவில்லை. "ஏனுங்கப்பா?" என்றேன்.

"இத்தனை வருசமா நெய்யறேன். அறுத்து, மடிச்சுக் குடுத்துருவேன். ஒருத்தி கட்டி நின்னு நான் ஒண்ணைக்கூடப் பாத்ததில்ல. அதான் கேட்டேன்."

நான் என் முகத்தை வைத்துக்கொண்டு அவருடையதை அடுப்பில் போட்டிருந்தேன். வாய் திறந்தால் அழுதுவிடுவேன் என்று தெரிந்தும் திறந்தேன். அன்னங்கள் மடிப்பில் எப்படி ஒன்றன் பின் ஒன்றாக இறங்கின, முந்தி எங்கே திரும்பி எங்கே நின்றது என்று கையால் காட்டிக் காட்டி, பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்க, ராசிபுரம் வரும்வரை அவருக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன்.