சாட்சிக் கூண்டில் சொன்ன சம்மதம்

எங்கள் கல்யாணத்துக்கு ஓலை வாசித்தது இரண்டு ஞாயிறுதான். கிருஷ்ணகிரியில் எங்கள் பங்கின் மாதா கோவிலில், பூசை முடிகிற நேரத்தில், சாமியார் எங்கள் இருவர் பெயரையும் படித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதாவது தெரிந்தவர்கள் வந்து சொல்லலாம் என்றார். அப்படி மூன்று ஞாயிறு படிக்க வேண்டும். மூன்றாவது ஞாயிறு வருவதற்குள் மாப்பிள்ளை பெங்களூர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்.

ஆட்சி மாறிய வருஷத்து மார்கழி அது. அவர் கிருஷ்ணகிரியில் ஒரு இன்ஜின் கடையில் மெக்கானிக்காக இருந்தார். சுற்றுப்பட்டுக் கிராமங்களில் மாடு கட்டி இறைக்கிற கவலை ஏற்றம் போய், கிணற்றுக்குக் கிணறு ஆயில் இன்ஜின் வந்துகொண்டிருந்த காலம். கடை மோட்டார் சைக்கிளில் சூளகிரி, ஓசூர் என்று போய், கிணற்றுக்குள் இறங்கி இன்ஜினைப் பார்த்துவிட்டு வருவார். நான் பட்டுப்புழு ஆபீசில் வேலை பார்த்தேன். நிச்சயம் ஆன பிறகும் நாங்கள் பேசிக்கொண்டது கொஞ்சம்தான். கோவில் வாசலில் நின்று மழையைப் பற்றி, அவர் தங்கையின் படிப்பைப் பற்றி. அதற்குள் யாராவது வந்துவிடுவார்கள்.

சூளகிரி தாண்டி ஓசூர் போகும் ரோட்டில் ஒரு மோரி உண்டு. ஓடைத் தண்ணீர் ரோட்டுக்கு அடியில் போகிற சின்னப் பாலம். அந்த இடத்தில் ரோடு குறுகும். இரண்டு பக்கமும் இடுப்பளவுச் சுவர். அதற்கு எப்போதும் சுண்ணாம்பு அடித்திருப்பார்கள். அந்தப் பக்கத்துப் பனியில் எதிரே மாடு வந்தாலும் தெரியாது. அந்த வெள்ளையைப் பார்த்துத்தான் வண்டிக்காரர்கள் ஒதுங்கிப் போவார்கள். அந்த வருஷம் மழைக்காலத்தில் ஒரு லாரி மோதி ஒரு பக்கத்துச் சுவர் சரிந்தது. கருங்கல் வைத்துக் கட்டினார்கள். கட்டியவர்கள் சுண்ணாம்பு அடிக்காமல் போய்விட்டார்கள்.

அவர் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்பிப் போயிருக்கிறார். "வெள்ளை தெரிஞ்சா ஒதுங்கலாம்னு பாத்துகினே போனேன், வெள்ளை வரவே இல்ல" என்று பிற்பாடு எல்லோரிடமும் அதையே சொன்னார். சுவரில் முழங்கால் இடித்து, வண்டியோடு ஓடையில் விழுந்தார். பக்கத்துக் கொல்லையில் இருந்த ஒரு தெலுங்குக்கார விவசாயி சத்தம் கேட்டு ஓடிவந்து, கயிற்றுக் கட்டிலில் அவரைத் தூக்கி, போகிற லாரியை மறித்து ஓசூருக்கு அனுப்பியிருக்கிறார். ஓசூரில் பார்த்துவிட்டுப் பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள்.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ரோட்டு ஆட்கள் வந்து மோரிச் சுவர் இரண்டுக்கும் சுண்ணாம்பு அடித்துவிட்டுப் போனார்கள். அப்பா பஸ்ஸில் அவரைப் பார்க்கப் போகும்போது பார்த்திருக்கிறார். வீட்டுக்கு வந்து, "பளிச்சுனு இருக்குது. இத முன்னாடியே அடிச்சிருந்தா என்னா?" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துவிட்டார்.

அவர் திரும்பி வந்தபோது முழங்கால் மடங்கவில்லை. கோலை ஊன்றி நடந்தார். கிணற்றுப் படியில் இறங்க முடியாத மெக்கானிக்கை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கடைக்காரர் நல்ல மனுஷன், விரட்டவில்லை. கடையிலேயே உட்கார்ந்து சாமான் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். சம்பளம் பாதியாயிற்று.

எங்கள் வீட்டில் யாரும் தயங்கவில்லை. "கால்தான மடங்கல. கல்யாணத்த எப்ப வெச்சிக்கலாம்னு கேட்டுகினு வரேன்" என்று அப்பா புறப்பட்டுப் போனார். போன வேகத்தில் திரும்பி வந்து, சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"வக்கீல் வேணாங்கறாராம்" என்றார்.

எங்களுக்குப் புரியவில்லை. அப்பாதான் விளக்கினார். சுண்ணாம்பு அடிக்காமல் விட்டதற்காக அரசாங்கத்தின் மேல் நஷ்ட ஈட்டு வழக்குப் போடுகிறார்கள். ஆஸ்பத்திரிச் செலவு, சம்பளம் பாதியானது, இத்தோடு கால் போனதால் கல்யாண வாழ்வே போயிற்று என்றும் கேட்கப் போகிறார்கள். அப்படிக் கேட்டுவிட்டு நடுவில் கல்யாணம் பண்ணிக்கொண்டால் கோர்ட் சிரிக்கும். அதனால் தீர்ப்பு வரும்வரை பொறுக்க வேண்டும்.

"கொஞ்ச நாள்தானாம்" என்றார் அப்பா. அவர் முகத்தைப் பார்த்தால் அவரே அதை நம்பவில்லை என்று தெரிந்தது.

அரசாங்கத்துக்கு நோட்டீஸ் போய், வழக்குப் பதிந்து, வாய்தா மேல் வாய்தா வாங்கி, வருஷம் ஓடியது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவரைப் பார்ப்பேன். ஆண்கள் பக்கத்தில் கடைசி வரிசையில், மடங்காத காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். கோவில் வாசலில் பேசுவதையும் நிறுத்திவிட்டார். யாராவது பார்த்து அரசாங்க வக்கீலிடம் சொல்லிவிடுவார்கள் என்று பயம்.

பிறகு எனக்கே சம்மன் வந்தது. அனுப்பியது எதிர்த்தரப்பு, அரசாங்க வக்கீல்.

அன்று சாயங்காலம் அவருடைய அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். கல்யாணம் பேசிய நாளிலிருந்து நான் அவரை அத்தை என்றுதான் கூப்பிட்டு வந்தேன். என் கையைப் பிடித்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

"கண்ணு, உன்ன ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். கால் இப்பிடி ஆனதுனால எங்க வீட்ல ஒத்துக்கல, கல்யாணம் நின்னு போச்சுனு சொல்லிடு. மனுல அப்பிடித்தான் எழுதியிருக்குது."

"அப்பிடி எழுதியிருக்குதா அத்தே?"

"வக்கீல் எழுதினது. கேஸ் முடியட்டும், மறு மாசமே உன்ன எங்க வீட்டுக்குக் கூட்டிகினு போறேன்."

"அவரும் அப்பிடிச் சொல்லச் சொன்னாரா?"

அத்தை என் கையை விட்டார். "அவனுக்கு என்னாடி தெரியும்" என்று எழுந்துகொண்டார்.

கோர்ட்டில் எனக்கு முன்னால் அந்தத் தெலுங்குக்கார விவசாயியைக் கூப்பிட்டார்கள். பையன் விழுந்த பிறகுதான் வெள்ளை அடித்தார்கள் என்று தெலுங்கிலேயே சொல்லிவிட்டு இறங்கினார். அடுத்தது நான். கூண்டில் ஏறும்போது என்ன சொல்வது என்று தீர்மானித்திருந்தேனா என்று இன்றும் எனக்குத் தெரியாது. சத்தியம் செய்யச் சொன்னார்கள். செய்தேன். அவர் எதிர் பெஞ்சில், கோலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அரசாங்க வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். "ஏம்மா, இவருக்குக் கால் போச்சுங்கறதுக்காக உங்க வீட்ல கல்யாணத்த நிறுத்தினாங்களா?"

"நாங்க நிறுத்தலீங்க."

"பின்ன யாரு நிறுத்தினது?"

"கேஸ் முடியட்டும்னாங்க."

மாப்பிள்ளை வீட்டு வக்கீல் எழுந்து ஏதோ சொன்னார். ஜட்ஜ் அவரை உட்காரச் சொல்லிக் கையைக் காட்டினார்.

"சரிம்மா. இன்னைக்கு இவரு உங்களக் கட்டிக்கிறேன்னு சொன்னா, உங்களுக்குச் சம்மதமா?" என்று கேட்டார் அரசாங்க வக்கீல்.

அதுவரை என்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை. பெண் பார்த்தபோது அப்பாவைக் கேட்டார்கள். நிச்சயத்தன்று அப்பாவும் என் தாய்மாமாவும் பேசினார்கள். அவரும் கேட்டதில்லை.

"சம்மதங்க" என்றேன்.

"சத்தமாச் சொல்லும்மா, எழுதணும்" என்றார் ஜட்ஜ்.

"சம்மதம்."

அப்போதுதான் அவர் நிமிர்ந்து பார்த்தார். கோபமோ, வேறு எதுவோ, எனக்குப் படிக்கத் தெரியவில்லை. உடனே குனிந்துகொண்டார். பின்னால் நின்றிருந்த அத்தை முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனார்.

தீர்ப்பில் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் சம்பளம் குறைந்ததற்கும் கொஞ்சம் கொடுக்கச் சொன்னார்கள். கல்யாணம் கெட்டது என்று கேட்டதைத் தள்ளிவிட்டார்கள். கொடுக்கச் சொன்னதற்கும் அரசாங்கம் அப்பீல் போனது. அத்தை கோவிலில் எங்கள் அம்மாவைப் பார்த்தும் முகம் கொடுக்கவில்லை. "கோர்ட்ல எங்களுக்கு எதிரா வாய் தொறந்தவ எங்க வீட்டுப் படி ஏறக்கூடாது" என்று தெருவில் நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறார். அப்பா சாமியாரிடம் போய்ப் பேசுகிறேன் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். கெஞ்சிப் போகிற மாதிரி இருக்கும் என்று அப்போது தோன்றியது. இப்போது நினைத்தால், அப்பாவைப் போக விட்டிருக்கலாம்.

ஒரு நாள் மத்தியானம் அவரே ஆபீசுக்கு வந்தார். அவ்வளவு தூரம் கோலை ஊன்றி நடந்து வந்ததில் சட்டை நனைந்திருந்தது. புழுவுக்குப் போடும் முசுக்கட்டை இலைக் கூடைகள் அடுக்கியிருந்த வராந்தாவில் நின்றோம். ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன், உட்காரவில்லை.

"நீ கோர்ட்ல சொன்னத எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருந்தா, நான் கேஸே போட்டிருக்க மாட்டேன்" என்றார்.

"நீங்க கேக்கவே இல்லியே."

"இப்பிடி ஆனப்பறம் எந்த மூஞ்சிய வெச்சிகினு கேக்கறது? நீ வேணாம்னு சொல்லிடுவேன்னுதான் நெனச்சிகினு இருந்தேன். வக்கீல் நிறுத்துனு சொன்னப்ப, ஒரு விதத்துல நிம்மதியா இருந்துச்சு. உன் வாயால கேக்க வேண்டியதில்ல பாரு."

நான் காத்திருந்தேன். அந்த இடத்திலாவது கேட்பார் என்று நினைத்தேன். அவர் கூடையிலிருந்து ஓர் இலையை எடுத்துக் கிழித்துக்கொண்டிருந்தார்.

"அம்மா சாப்பாட்டையே உட்டுட்டாங்க" என்றார் கடைசியில். பிறகு, வரட்டுமா என்று கேட்டுவிட்டுப் படியில் ஒரு காலை முதலில் வைத்து, மற்றதை இழுத்து, இறங்கிப் போனார்.

சாமல்பட்டிப் பக்கம் பெண் எடுத்து, அங்கேயே இன்ஜின் சாமான் கடை வைத்தார் என்று கேள்விப்பட்டேன். எனக்கும் கல்யாணம் ஆயிற்று, நல்ல இடம். வீட்டுக்காரர் என்னை நன்றாக வைத்திருந்தார், குறை சொல்ல ஒன்றும் இல்லை.

ரொம்ப வருஷம் கழித்து ஒரு முறை சிங்காரப்பேட்டை பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்தேன். கூட அவர் மனைவி இருந்தார். "கிருஷ்ணகிரில நம்ம கோவில் பங்குக்காரங்க" என்று என்னைக் காட்டிச் சொன்னார். அந்த அம்மா முகம் மலர்ந்து, "வீட்டுக்கு வந்துட்டுப் போங்கக்கா, பக்கந்தான்" என்று கையைப் பிடித்தார். எனக்கு பஸ் இருந்தது. மழை பெய்யாததைப் பற்றி மூன்று பேரும் கொஞ்ச நேரம் பேசினோம். பஸ் வந்ததும், "பையக் குடு, ஏத்தி உடறேன்" என்று அவர் கையை நீட்டினார். பை கனம், அவர் காலோ அப்படியேதான் இருந்தது. வேண்டாம் என்று சொல்ல வந்து, கொடுத்துவிட்டேன்.