இயந்திரம் எழுதியதற்கு ஒரு கையெழுத்து

அறைக்குள் நுழைந்த அற்புதராஜ், மேசைக்கு அந்தப் பக்கம் ஜெனிவீவ் உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் நின்றுவிட்டார். பல வருடங்களுக்கு முன் அவளை நேர்காணல் செய்து வேலைக்கு எடுத்தவரே அவர்தான். இன்று கேள்வி கேட்பது அவள்.

அற்புதராஜுக்கு ஐம்பத்தொரு வயது. சிங்கப்பூரின் கிளமெண்டியில் வீடு, மனைவி செரினா பாலர் பள்ளி ஆசிரியை. படிப்பு முடிந்த நாளிலிருந்து காப்புறுதி நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதியே பிழைத்தவர். ஏஐ வந்தபின் அவருடைய குழுவைப் பாதியாக்கினார்கள். வெளியே அனுப்பப்பட்டவர்களில் அவரும் ஒருவர். அதற்குப் பிறகு எத்தனையோ விண்ணப்பங்கள். ஞாயிறு பூசை முடிந்து மாதா கோயில் வாசலில் யாராவது "வேலையெல்லாம் எப்படி, ராஜ்?" என்றால் "ஓடுது லா" என்று நழுவிவிடுவார்.

ஃபேரர் பார்க்கில் இருந்த இந்த நிறுவனம் கிளினிக்குகளுக்குக் கட்டண மென்பொருள் செய்து கொடுத்தது. ஜெனிவீவின் பக்கத்தில் வேய்ன் என்ற இளம் மேலாளர். அவன் மடிக்கணினியை அற்புதராஜ் பக்கம் திருப்பி, ஆங்கிலத்தில் விளக்கினான்: நோயாளி மருத்துவருடனான சந்திப்பை ரத்து செய்தால் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதற்கான நிரலை ஏஐ எழுதும். அவர் படித்துப் பார்த்து, திருத்தி, சரி என்று கையெழுத்துப் போட்டு ஒப்புதல் கொடுக்க வேண்டும்.

ஒரு மிடறு தண்ணீர் குடிப்பதற்குள் திரை நிறைந்துவிட்டது. அவர் எழுதியிருந்தால் அது இரண்டு நாள் வேலை. நெற்றி வியர்க்க, வரி வரியாகப் படித்தார். பொத்தானை இருமுறை அழுத்தினால் பணம் இருமுறை போய்விடும் என்று கண்டுபிடித்துத் திருத்தினார். நேரம் முடிந்தது. ஒப்புதல் கொடுத்தார்.

ஜெனிவீவ் ஒரு வரியைச் சுட்டினாள். "பிள்ளைக்கு அப்பா பணம் கட்டியிருந்தா, இது யாருக்குத் திருப்பி அனுப்பும்?"

பார்த்தார். பிள்ளையின் பெயருக்கு. கட்டியவருக்கு அல்ல.

"அந்த வரியப் படிச்சேன், ஜென். நான் எழுதினா எப்படி எழுதுவேனோ அப்படியே இருந்துச்சு. அதான் நம்பிட்டேன்."

ஜெனிவீவ் அதை ஆங்கிலத்தில் சொல்ல, வேய்ன் தட்டச்சு செய்துகொண்டான். அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

வெளியே வந்து, பக்கத்திலிருந்த தேக்கா உணவங்காடியில் ஒரு கோப்பை தே வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். குடிக்கத் தோன்றவில்லை. தே ஆடை கட்டிய நேரத்தில் ஜெனிவீவே அவரைத் தேடி வந்து எதிரே உட்கார்ந்தாள்.

"அண்ணே, எடுத்துக்கலாம்னு முடிவாயிருக்கு. ஆறு மாச கான்ட்ராக்ட்."

"சம்பளம்?"

அவள் சொன்னாள். பழைய சம்பளத்தில் பாதிக்குக் கொஞ்சம் மேல்.

"பாதியா? என் அனுபவத்துக்கா?"

"எழுதுறது இப்ப மெஷின்தானேன்னு சொல்றாங்க. என் சம்பளமும் ஏறல, அண்ணே. எட்டுப் பேர் பார்த்த வேலைய மூணு பேர் பார்க்கிறோம்."

"சரி, எழுதுறது மெஷின். தப்பு நடந்தா யார் பேரு?"

ஜெனிவீவ் பக்கத்து மேசையைப் பார்த்தாள். "கையெழுத்துப் போட்டவங்க பேரு."

"அப்ப சம்பளம் பாதி, பொறுப்பு மட்டும் முழுசா?" குரல் உயர்ந்ததில் அக்கம்பக்கத்தில் சிலர் திரும்பிப் பார்த்தார்கள். "இன்னிக்கே ஒண்ண விட்டேன், பார்த்தல்ல? ஒரு நாளைக்கு எத்தனை வரும்?"

அவர் எழுந்து போய்விட்டார்.

வீட்டில் செரினா எல்லாவற்றையும் குறுக்கே பேசாமல் கேட்டாள். "சம்பளம் கம்மின்னா சமாளிச்சுக்கலாம். நீங்க பயந்து பயந்து வேலைக்குப் போனா அத என்னால சமாளிக்க முடியாது. பயம் போக என்ன வேணும்னு அவங்ககிட்ட கேளுங்க. கேட்காமயே வந்துட்டீங்களே."

மறுநாள் காலையில் ஜெனிவீவை அழைத்தார். நோயாளிகளின் பணம் சம்பந்தப்பட்ட எதற்கும் இரண்டு பேர் கையெழுத்து வேண்டும், ஒருவர் ஒரு நாளில் பார்ப்பதற்கு ஓர் உச்ச அளவு வேண்டும் என்றார்.

"வேய்ன் ஒத்துக்க மாட்டான், அண்ணே."

"கேட்டுப் பாரு. இல்லைன்னா வேற ஆளத் தேடட்டும்."

சொல்லிவிட்டாரே தவிர, கைப்பேசி அதிரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்தார். வாரக் கடைசியில் பதில் வந்தது. இரண்டாவது கையெழுத்துக்குச் சம்மதம், அதை ஜெனிவீவ் போடுவாள்; அளவுக்குச் சம்மதமில்லை. அற்புதராஜ் வேலைக்குச் சேர்ந்தார்.

அவர் பயந்தது போலவே வேலை குவிந்தது. மதிய உணவை மேசையிலேயே முடித்துக்கொண்டு படித்தார். தன் பாணியிலேயே எழுதப்பட்டிருந்த பகுதிகளை வேண்டுமென்றே இரண்டாவது முறை படித்தார். இரண்டாவது மாதம் ஒரு வெள்ளிக்கிழமை கட்டண நிரலில் பெரிய மாற்றம் ஒன்று வந்தது. மாலைக்குள் வாடிக்கையாளருக்குப் போக வேண்டும்.

"நான் இன்னும் முழுசாப் படிக்கல. கையெழுத்துப் போட மாட்டேன்" என்றார்.

வேய்ன் மேசைக்கே வந்து நின்றான். "ஏதாவது தவறு பார்த்தீர்களா?"

"இன்னும் இல்லை."

"பிறகு ஏன் நிறுத்துகிறீர்கள்?"

"படிக்காததுக்கு என் பேரப் போட முடியாது."

வேய்ன் ஜெனிவீவைப் பார்த்தான். அவளுடைய ஒப்பந்தம் அந்த மாதம்தான் புதுப்பிக்கப்பட வேண்டியிருந்தது. அவள் நாற்காலியை விட்டு எழவில்லை. "ராஜ் போடாமல் நான் போட முடியாது. விதி அப்படி" என்றாள்.

வாடிக்கையாளர் கோபமாகக் கடிதம் அனுப்பினார். சனி, ஞாயிறு அற்புதராஜும் ஜெனிவீவும் உட்கார்ந்து கடைசி வரி வரை படித்தார்கள். ஒரு தவறும் இல்லை.

திங்கட்கிழமை வேய்ன் அவரை அழைத்தான். "ஒன்றுமில்லாததற்கு வாடிக்கையாளரிடம் திட்டு வாங்கினோம்."

"ஆமா" என்றார் அற்புதராஜ்.

ஜெனிவீவின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது, அதே சம்பளத்தில். அற்புதராஜின் ஆறு மாதம் முடிந்தபோது அவருக்கு இன்னொரு ஆறு மாதம் கிடைக்கவில்லை; மூன்று மாதம் கொடுத்தார்கள். காரணம் கேட்டதற்கு, அடுத்த ஆண்டு ஏஐ எப்படியிருக்கும் என்று யாருக்கும் தெரியாதே என்றான் வேய்ன். அவன் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே அவனுக்கும் தெரியவில்லை.

அந்த ஞாயிறு கோயில் வாசலில், தெரிந்தவர் ஒருவர் வேலையைப் பற்றி விசாரித்தார். இந்த முறை அற்புதராஜ் நழுவவில்லை. "மூணு மாசத்துக்கு இருக்கு" என்றார். விசாரித்தவர் குரலைத் தாழ்த்தி, தன் மகனுக்குப் போன வாரம் வேலை போன கதையைச் சொல்லத் தொடங்கினார். செரினா பேருந்து வருகிறது என்று கையசைத்தாள். அவர் போகவில்லை, நின்று கேட்டார்.