குமரப்பன் வைத்த புள்ளிகள்

குமரப்பனுக்குச் செவ்வாய்க் கிரகத்தின் மேல் பித்துப் பிடித்தது வேலையை விட்ட பிறகுதான். அம்பாங்கில் ஒரு நில அளவை நிறுவனத்தில், விமானத்திலிருந்து எடுத்த படங்களை வைத்து வரைபடம் போட்டுக்கொண்டிருந்தவர். சர்க்கரை முற்றி வலக்கண் போனதும், தொண்ணூற்றிரண்டில் ஓய்வு வாங்கிக்கொண்டு பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடி வீட்டில் வந்து உட்கார்ந்தார். அமெரிக்காவிலிருந்து சிடிக்களை வரவழைத்தார். எழுபதுகளில் செவ்வாயைச் சுற்றிய விண்கலம் அனுப்பிய படங்கள், கறையும் கோடுமாக, வந்தபடியே அவற்றில் கிடந்தன.

"இத வச்சி என்னா செய்யப் போறீங்க?" என்று கேட்டாள் மனைவி உமையாள்.

"ஒரு பள்ளத்தாக்கு இருக்கு. எப்பவோ தண்ணி ஓடின எடம். அத முழுசா ஒட்டிப் பாக்கணும்."

படம் எடுத்த நொடியில் கலம் எங்கே இருந்தது, கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருந்தது என்று கணக்குப் போட்டால், படத்தைச் செவ்வாய் உருண்டையின் மேல் அதன் இடத்தில் விரித்துவிடலாம். ஆனால் கேமராவின் திசை சரியாகத் தெரியாது, கொஞ்சம் பிசகும். அதனால் பக்கத்துப் படங்கள் இரண்டிலும் விழுந்திருக்கும் ஒரே குழியைக் கண்டுபிடித்து, இரண்டிலும் புள்ளி வைத்து, புள்ளிகள் ஒன்றாகும்வரை திசையைத் திருத்த வேண்டும். குமரப்பன் அதற்குத் தானே புரோகிராம் எழுதினார். விடிந்தால் கம்ப்யூட்டர்தான். உமையாள் சாப்பாட்டை அங்கேயே கொண்டுபோய் வைப்பாள்.

மறு வருஷம் இடக்கண்ணிலும் இரத்தம் கசிந்தது. ஒரு நாள் காலையில் காப்பிக் கோப்பையை எடுக்கக் கை நீட்டியவர், மேஜையைத் தடவினார். டாக்டர் பார்த்துவிட்டு, "கொஞ்சம் முந்தி வந்திருந்தா லேசர் வச்சிருக்கலாம்" என்றார். ஆபரேஷன் செய்தும் பார்வை திரும்பவில்லை.

வீட்டில் பேச்சே நின்றுபோனது. அந்த மௌனம் தாங்காமல்தான் உமையாள் ஒரு நாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். "சொல்லுங்க, நான் பாக்குறேன்."

"என்னா தெரியுது?"

"ஒரு மேடு. பக்கத்துல சின்ன மேடு."

"வெயில் எந்தப் பக்கத்துலேருந்து அடிக்குது?"

"இடது பக்கம்னு எழுதியிருக்கு."

"இருட்டு எந்தப் பக்கம் இருக்கு?"

"அதுவும் இடதுதான்."

"அப்ப அது மேடு இல்ல லா. குழி. நல்லாப் பாரு."

அவள் கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். மேடு சட்டென்று உள்ளே இறங்கிக் குழியானது. அன்று அவர் வெகுநாளைக்குப் பிறகு சிரித்தார்.

பிறகு தினமும் உட்கார்ந்தார்கள். அவள் பார்த்துச் சொல்வாள். அவர் கணக்குச் சொல்வார். பள்ளத்தாக்கு தெற்கிலிருந்து வளைந்து வளைந்து வந்தது. நடுவில், குமரப்பன் முன்பே ஒட்டி வைத்திருந்த படங்களோடு சேர்க்கும் இடத்தில் மட்டும் ஆற்றின் கரை ஒடிந்து நின்றது. எத்தனை முறை திருத்தியும் சேரவில்லை.

"ஒன் பக்கத்துலதான் தப்பு இருக்கும். என்னோடதுல பிசகே இல்ல. எல்லாம் சைபர் காட்டுது பாரு" என்றார்.

உமையாள் அவருடைய படங்களைப் பெரிதாக்கினாள். புள்ளிகள் குழிகளில் இல்லை. வெறும் தரையில் நின்றன. குழிகள் எங்கோ தள்ளிக் கிடந்தன. ஒன்றில் அல்ல, வரிசையாக எல்லாவற்றிலும். குழியைத் தேடாமல், கணக்கு எந்த இடத்தைச் சொன்னதோ அந்த இடத்திலேயே புள்ளி வைத்திருக்கிறார். கணக்கோடு கணக்கைச் சேர்த்தால் பிசகு எப்படி வரும்? படங்களை ஒட்டிய தேதியைப் பார்த்தாள். டாக்டரிடம் போவதற்குப் பல மாதம் முன்பு.

"இதெல்லாம் ஒட்டுறப்பவே ஒங்களுக்குக் கண்ணு தெரியல, இல்ல?"

அவர் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளினார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா இத மூடி வைக்கச் சொல்லிருவீங்க, நீயும் டாக்டரும்." பிறகு மெல்லச் சொன்னார்: "ஓரத்துல கொஞ்சம் தெரிஞ்சுது உமையா. தெளிஞ்சிரும்னு நெனச்சேன்."

அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள். லேசர் வைத்திருக்கலாம் என்ற டாக்டரின் குரல் காதிலேயே நின்றது. அதன்பிறகு ஒரு மாதத்துக்கு மேல் அவள் அந்த அறைக்குள் கால் வைக்கவில்லை. அவரும் கூப்பிடவில்லை. ஒரு மத்தியானம் எட்டிப் பார்த்தபோது, கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு, அணைந்திருந்த திரைக்கு முன்னால் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அவள் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். திரையைப் போட்டாள். "மொத படத்துலேருந்து ஆரம்பிப்போம்" என்றாள். அவருடைய புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தாள். அழிக்கிறாள் என்று அவருக்கு விசைச் சத்தத்திலேயே தெரிந்தது. அவர் கண்ணில் நீர் வழிந்தது, துடைக்கவில்லை.

தொண்ணூற்றாறில் சிறுநீரகமும் கைவிட்டு, மருத்துவமனையிலேயே குமரப்பன் இறந்தார். வடகோடியில் சில படங்கள் மிச்சம் இருந்தன. உமையாள் தனியாக உட்கார்ந்து ஒட்டினாள். கடைசிப் படம் கொஞ்சம் பிசகியது. எவ்வளவு திருத்த வேண்டும் என்று கேட்க ஆளில்லை. அப்படியே விட்டாள்.

ஒட்டி முடித்த முழுப் படத்தைப் பெரிதாக அச்சடிக்கத் தெருமுனைக் கடைக்கு எடுத்துப் போனாள்.

"என்னாது இது ஆன்டி? எப்ப வேணும்?" என்றான் கடைக்காரன்.

"செவ்வாய்."

"செவ்வாய்க் கெழம வரைக்கும் எதுக்கு? உக்காருங்க, இப்பவே போட்டுத் தரேன்."

அவள் திருத்தவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தாள். இயந்திரம் காகிதத்தை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டிருந்தது.