கிட்ஜி மரத்தின் நாற்றம்

அளவுநாடாவின் நுனியைப் பிடித்தபடி வெயிலில் நிற்பதுதான் பாலைவனப் பூங்காவில் எனக்கு வாய்த்த உத்தியோகம். என் மனுசி தாவர ஆய்வாளர். லீவு போட்டுவிட்டுக் கூடப் போகும் நான் அவளுக்கு ஒரு முளைக்கம்பு, அவ்வளவுதான். நாடாவால் சதுரம் போட்டு, அதற்குள் நிற்கும் மரம், செடி, புல் எல்லாவற்றையும் அவள் குறிப்பாள். எது கூடுதலாக நிழல் போடுகிறதோ அதன் பெயர்தான் அந்தக் கூட்டத்துக்கு. வரைபடத்தில் அதற்கென்று ஒரு நிறமும் உண்டு. எங்கள் ஊர் பிளாக்டவுன் கடையில் கொத்தமல்லி என்று நினைத்து, அதேமாதிரி இருக்கும் பார்சிலியை வாங்கி வருகிறவன் நான். என்னிடம் அவள் ஒருநாளும் செடியின் பெயர் கேட்டதில்லை.

கடைசியில் ஒரு திட்டு மட்டும் நிறமில்லாமல் கிடந்தது. விமானத்திலிருந்து எடுத்த படத்தில் முல்கா மரமும் கிட்ஜி மரமும் ஒரே கருமை. கிட்டப் போய்த்தான் பார்க்கவேண்டும். அதற்குள் புற்றுநோய் அவளைக் கட்டிலில் போட்டுவிட்டது. சுற்றிவர முல்காதானே, அதையே போட்டுவிடலாம் என்றது அலுவலகம். அவளுக்கு மனம் ஆறவில்லை.

"இஞ்சாருங்கோ, நீங்கள் ஒருக்காப் போட்டு வாங்கோ."

"நான் போய் என்னத்தைக் கண்டுபிடிக்க?"

"ஒண்டும் கண்டுபிடிக்க வேண்டாம். ஒரு கொப்பு முறிச்சுக் கொண்டாங்கோ, காணும்."

போனேன். திரும்பும் வழியில் பெற்றோல் செட்டிலிருந்து போன் போட்டு, "முல்காதான், சந்தேகமே இல்லை," என்று அடித்துச் சொன்னேன். "கொப்பு கிடக்குதோ?" என்று மட்டும் கேட்டாள்.

ஆஸ்பத்திரியில் அவளுக்குக் கண் திறக்கவே சீவன் இல்லை. கொப்பை விரலால் தடவினாள். "தண்ணியில நனையுங்கோ," என்றாள். மேசைத் தண்ணீரில் நனைத்தேன். காஸ் சிலிண்டர் திறந்துவிட்டதுபோல் அறை முழுக்க ஒரு நாற்றம். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த நர்ஸ் மூக்கைச் சுளித்து என்னைப் பார்த்தாள்.

"சொறி சிஸ்டர், மை ஹஸ்பண்ட்," என்றாள் மனுசி.

நான் மறுக்கவில்லை. போர்வைக்குள் அவள் குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். மூச்சு வந்ததும், "கிட்ஜி," என்றாள். "நனைஞ்சால் நாறும். போய் அவையளுக்குச் சொல்லுங்கோ." அவள் சிரித்து நான் கடைசியாகக் கண்டது அதுதான்.

வரைபடம் அச்சாகி வந்துவிட்டது. அந்தத் திட்டு கிட்ஜிக்குரிய நிறத்தில் இருக்கிறது. மிச்சக் கொப்பு குசினி மேசையின் இழுப்பு லாச்சிக்குள். எப்போதாவது ஓர் இலையைக் கிள்ளி நனைத்துப் பார்க்கிறேன். நாற்றத்தில் ஒரு குறையும் இல்லை. பழியை என்மேல் போடத்தான் ஆளில்லை.