ட்ரவுசரோடு சேர்த்துத் தைத்த ஜாக்கெட்

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் அம்மா இருந்தாள், தங்கச்சி இருந்தாள், நான் இருந்தேன். அப்பா இல்லை. தீபாவளிக்கு முந்தின வாரம் தி.நகரில் ஆட்டோ ஓட்டுகிற எவரும் பகலில் வீட்டில் இருக்கமாட்டார்கள்.

மாம்பலம் ஸ்டேஷன் பக்கத்துச் சந்தில் ஒற்றை அறை வீடு எங்களுடையது. அம்மா ஒரு டைலரிடம் ஜாக்கெட்டுகளை மூட்டையாக வாங்கிவந்து, கொக்கி வைத்துக் கொடுப்பாள். ஐந்து வயதுத் தங்கச்சி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தே அந்த வேலையைக் கற்றுக்கொண்டுவிட்டாள். நான் இரண்டாம் வகுப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள். ரயில்வே மதில்மேல் டப்பாவை வைத்தால் ஒரே கல்லில் அடித்துவிடுவேன். ஆனால் சட்டைப் பித்தான் மட்டும் எனக்குப் போட வராது. தினமும் காலையில் தங்கச்சிதான் எக்கி நின்று போட்டுவிடுவாள். "ஆடாம நில்லுடா" என்று அதட்டல் வேறு.

இந்த அவமானத்தை அன்றைக்குத் தீர்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். நச்சரிப்பு தாங்காமல் அம்மா ஒரு பாட்டில் பச்சை ஜாக்கெட்டைக் கொடுத்தாள். அதை மடியில் போட்டுக்கொண்டு, விரலில் குத்திக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு தைத்தேன். பொழுது சாய டைலர் மாமா வந்தார். காட்டலாம் என்று பெருமையாக எழுந்தேன். ஜாக்கெட்டும் கூடவே எழுந்து என் ட்ரவுசரில் தொங்கியது.

"இன்னா நைனா, ஜாக்கெட்ட இட்டுக்கினு எங்க கெளம்பிட்ட?" என்றார் மாமா. தங்கச்சி உருண்டு உருண்டு சிரித்தாள்.

அப்புறம் அவர் தங்கச்சி முடித்து வைத்திருந்ததை எடுத்து டியூப் லைட்டுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னாமா கை இது, மிஷினே தோத்துடும். இவள அடுத்த வருசம் கடைக்கு இட்டாந்து உடு, வேல கத்துக்கட்டும். ஒம் பையன் கைக்குத்தான் ஒண்ணும் வராது. அவன் படிக்கட்டும்."

தங்கச்சி தன் விரல்களை விரித்துத் தானே ஒருமுறை பார்த்துக்கொண்டாள். எனக்குக் காது சுட்டது.

அம்மா பிளேடை எடுத்து என் தையலைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள்: "எனக்கும் ஆறு வயசுல இதையேதாண்ணே சொன்னாங்க."

பிரித்து முடித்ததும் முடிந்தது, முடியாதது எல்லாவற்றையும் மூட்டை கட்டி அவர்முன் நகர்த்தினாள். இனிமேல் வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னாள். பையனைக் கிண்டல் பண்ணினதுக்கா கோபம் என்று அவர் தவித்துப்போனார். கூலியைக் கூட்டித் தருவதாகவும் சொல்லிப் பார்த்தார். அம்மா அவருக்கு டீ கொடுத்து அனுப்பிவைத்தாள்.

தீபாவளி நேரத்திலா இப்படிச் செய்வாய் என்று அப்பா வந்ததும் கேட்டார். "மூட்ட வூட்ல இருந்தா அவ கை அதுலதான் போவும்" என்றாள் அம்மா.

நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனாலும் எல்லாம் என் ட்ரவுசரால் வந்த வினை என்றே நம்பினேன். நன்றாகத் தைத்துக் காட்டினால் மூட்டை திரும்பி வந்துவிடும் என்று, ஒரு பழைய பனியனில் தங்கச்சியிடம் ரகசியமாகப் பாடம் கேட்டேன். "ஊசிய அவ்ளோ இறுக்கிப் புடிக்காதடா, அது எங்கயும் ஓடிடாது" என்பாள். அடுத்த ஜூனில் அவளை என் பள்ளிக்கூடத்திலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்த்தார்கள். எனக்குப் பித்தான் போட வந்தபோது அவள் இரண்டாம் வகுப்பில் வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

இப்போது நான் சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்த வயதில் பெண் பிள்ளைகளின் விரல்கள் பெரும்பாலும் முந்திக்கொள்கின்றன. ஊசியும் கோலமாவும் அவர்கள் கைக்குத்தான் முதலில் போகின்றன என்பதும் ஒரு காரணமாக இருக்கலாம். பையன்கள் கொஞ்சம் பிந்தி வந்து சேர்ந்துகொள்கிறார்கள். பெண்ணுக்கு வேலை, பையனுக்குப் படிப்பு என்று பிரித்துவிடுவது இடையில் இருக்கிற அந்த இரண்டு மூன்று வருஷத்தில்தான். அதைத்தான் அம்மா அன்று மூட்டையோடு வெளியே அனுப்பினாள்.

அந்தத் தீபாவளிக்கு எங்கள் யாருக்கும் புதுத்துணி இல்லை. அதற்குப் பிறகு கொக்கி வேலை எங்கள் வீட்டுக்குள் வரவே இல்லை. அதனால் போன வரும்படி, வாரத்துக்கு நாற்பது ரூபாய்.