முடிவுத் தேதி கேட்ட பாடநூல்

4,116 பேர். போன பருவத்தில் அந்த இலவசப் புள்ளியியல் பாடநூலை இணையத்திலிருந்து இறக்கிக்கொண்ட மாணவர்கள். ஒன்பது ஆண்டுகளாக அதைத் திருத்திப் பராமரிப்பவர் ஒரே ஒரு விரிவுரையாளர். எழுதத் தொடங்கியபோது அவருடன் ஐந்து பேர் இருந்தார்கள். இருவர் மாற்றலாகிப் போனார்கள், ஒருவர் ஓய்வு பெற்றார், மற்ற இருவரும் வாழ்த்து மட்டும் தவறாமல் அனுப்புகிறார்கள்.

திங்கட்கிழமை கல்லூரிக் கணினிப் பிரிவிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது. பாடநூல் திட்டம் நிறைவுற்றதாம்; முப்பதாம் தேதி அதன் இணையதளத்தை நீக்கிவிடுவார்களாம். அதிலிருந்து ஆறாம் நாள் மாணவர்களுக்குத் தேர்வு.

விரிவுரையாளர் இரண்டு மாடி இறங்கிக் கணினிப் பிரிவுக்குப் போனார்.

"முடிஞ்சிடுச்சுன்னு யாருங்க சொன்னது?"

"நீங்கதான் மேடம்." அதிகாரி திரையைத் திருப்பிக் காட்டினார். போன வருடம் விரிவுரையாளரே நிரப்பிய படிவம். 'திட்டம் முடியும் தேதி' என்ற கட்டத்தைக் காலியாக விட்டால் அது அடுத்த பக்கத்துக்கு நகராது. எல்லோரையும் போல அவரும் மனதில் தோன்றிய தேதியைப் போட்டிருந்தார்.

"புத்தகம் எப்படிங்க முடியும்? போன வாரம்கூட ஏழாவது அத்தியாயத்துல அட்டவணை மாத்தினேன்."

"எழுதி முடிச்சாச்சுல்ல? இன்னும் எதுக்கு நோண்டிக்கிட்டு?"

"வீடு கட்டியாச்சுன்னு பெருக்காமலா இருக்கீங்க?"

"அதை என் பொண்டாட்டிகிட்டதான் கேக்கணும்."

"சரி, தேதியை எடுத்துடுங்க."

"காலியா விட்டா ஏத்துக்காது மேடம்."

"அப்ப தொண்ணூறு வருஷம் தள்ளிப் போடுங்க."

"ஒரு திட்டம் ஒரு வருஷத்துக்கு மேல போகாது. புதுத் திட்டம்னு படிவம் குடுங்க. துறைத்தலைவர் கையெழுத்து வேணும்."

மதியம் தங்கை போன் செய்தாள். கதையைக் கேட்டதும், "சொந்தச் செலவுல சூனியம் வெச்சுக்கிறதுன்னா இதுதான்க்கா. விட்டுத் தொலையேன்" என்றாள்.

"விட்டா பசங்க எதைப் படிச்சுடி எழுதுவாங்க?"

துறைத்தலைவர் படிவத்தைப் புரட்டினார். "இதுல புதுசா என்னம்மா இருக்கு?"

"பிழை திருத்துவேன் சார். கணக்குகளைச் சரிபார்ப்பேன்."

"அதெல்லாம் வேலைம்மா, திட்டம் இல்ல. ஒரு புது அத்தியாயம்னு போடு, உடனே கையெழுத்துப் போடறேன்."

புத்தகத்தில் பதின்மூன்று அத்தியாயங்கள் இருந்தன. பதினான்காவதை யாருமே கேட்கவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு தலைப்பை எழுதிக் கொடுத்தார்.

தளம் இன்னும் ஓராண்டு இருக்கும். படிவத்தின்படி அந்த அத்தியாயத்தை அவர் ஆறு மாதத்துக்குள் எழுதி ஒப்படைக்க வேண்டும்.